நுழைவுக் கட்டணமா, பந்தயப் பணமா?

இணையவழிக் கைபேசி விளையாட்டுப் போட்டியொன்றை முதன்முறையாக நடத்தப் புறப்படும் நம் இளையோருள் பலர், எடுக்கும் முதல் முடிவையே தவறாக எடுத்துவிடுகின்றனர். எந்த விளையாட்டு, எந்த நாள், எத்தனை அணிகள், யார் நடுவர், பிணக்கு எழுந்தால் யார் தீர்ப்பது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, "அணிக்கு 100 ரூபாய் நுழைவுக் கட்டணம், முதற்பரிசு 1,000 ரூபாய்" என்னும் அறிவிப்பு வண்ணப் படத்துடன் வாட்சாப் குழுக்களில் உலாவத் தொடங்கிவிடுகிறது. எஞ்சியவை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அந்த ஒரு வரியிலேயே போட்டி சூதாட்டமாகிவிடுகிறது என்பது நம் வாதம். இதைச் சற்று விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் இவ்வாறு செய்பவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். ஊர்த் திருவிழாவுக்கு விளக்குக் கட்டுபவர்களும், இரத்தம் வேண்டும் என்றால் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுபவர்களும் இவர்களேதாம்.

முதலில் ஓர் ஐயத்தைக் களைந்துவிடுவோம். கைபேசியில் ஆடுவது விளையாட்டே அன்று, அது முழுவதும் சீரழிவு என்று சொல்லும் பெரியவர்களின் அணியில் நாம் இல்லை. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அங்கே இந்திய இளைஞர் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் போட்டியாகவே உயர்ந்தது. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. 2025இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஒரு போட்டி. அதை வென்றவர் மாக்னஸ் கார்ல்சன். மகன் இணையத்தில் சதுரங்கம் ஆடினால் குகேஷின் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். அதே மகன் அதே கைபேசியில் நால்வர் அணியாக வேறொன்றை ஆடினால் கைபேசியைப் பிடுங்குகிறோம். விளையாட்டின் தன்மையைப் பற்றிப் பேசலாம், துப்பாக்கியைப் பற்றியும் பேசலாம். ஆனால் கருவியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்குவது நேர்மையாகாது. போட்டி நடத்த விரும்பும் பிள்ளைகளை நாம் வரவேற்கிறோம். கட்டணத்தைத்தான் எதிர்க்கிறோம்.

"கபடிப் போட்டிக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்களே, அதை யார் கேட்டீர்கள்?" என்பதுதான் இளையோர் வைக்கும் முதல் வினா. நல்ல வினா, விடை கூறித்தான் ஆகவேண்டும்.

ஊர்க் கபடிப் போட்டியின் துண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். "முதற்பரிசு வழங்குபவர்" என்று ஒரு பெயர் இருக்கும். "இரண்டாம் பரிசு வழங்குபவர்", "சுழற்கோப்பை வழங்குபவர்" என்று பெயர்கள் நீளும். அரிசிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டில் வேலைசெய்யும் ஊர்க்காரர் எனப் பலரும் அங்கே இருப்பர். பரிசு அவர்களுடைய கொடை. அணிகள் செலுத்தும் கட்டணம் ஆடுகளத்துக்கு மண் கொட்டவும், சுண்ணாம்புக் கோடு போடவும், மின்விளக்கு வாடகைக்கும், நடுவரின் படிக்கும், வெளியூர் ஆட்டக்காரர்களின் சோற்றுக்கும் போய்விடும். கணக்கு முடியும்போது விழாக்குழுவின் கையில் கடன்தான் மிஞ்சும் என்பது அனுபவப்பட்டவர்க்குத் தெரியும்.

இனிக் கைபேசிப் போட்டிக்கு வருவோம். பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். போட்டிக்கென அதில் தனி அறை திறக்கிறார்கள்; அணிக்கு நால்வர் வீதம் 16 அணிகள், ஆக 64 பேர் அந்த அறைக்குள் வருகிறார்கள். மண் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், பந்து வேண்டாம், சோறும் வேண்டாம். அவரவர் கைபேசி, அவரவர் இணையம். இந்த 16 அணிகளும் தலைக்கு 100 ரூபாய் செலுத்தினால் 1,600 ரூபாய் சேர்கிறது. முதல் அணிக்கு 1,000, இரண்டாம் அணிக்கு 300, நடத்துபவர்க்கு 300. கொடையாளர் யாருமில்லை, செலவென்று சொல்லத்தக்கதும் இல்லை. தோற்ற 14 அணிகளின் காசுதான் வென்ற இரண்டு அணிகளின் கைக்கும் நடத்துபவரின் கைக்கும் போகிறது. சீட்டாட்டக் கூடங்களில் ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் பங்கை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்பவர் ஒருவர் இருப்பார். இந்தக் கணக்கில் நம் பிள்ளை அமர்ந்திருப்பது அந்த நாற்காலியில். கபடி விழாக்குழுவின் செயலாளர் நாற்காலியில் அன்று.

"எங்கள் ஆட்டம் திறமையால் ஆடப்படுவது, குருட்டு வாய்ப்பால் ஆடப்படுவதன்று" என்று அடுத்துச் சொல்வார்கள். உண்மைதான். குறிபார்த்துச் சுடுவதும், வட்டம் சுருங்கும்போது எங்கே நிற்பது என்று கணிப்பதும் திறமையே. ஆனால் இந்த வாதம் இனிக் கைகொடுக்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், கட்டணமோ வைப்போ பந்தயமோ செலுத்திப் பதிலுக்குப் பண ஆதாயத்தை எதிர்பார்த்து ஆடுவதை "இணையவழிப் பண விளையாட்டு" என்கிறது. அது திறமையால் ஆயினும் வாய்ப்பால் ஆயினும் வேறுபாடில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அதே சட்டம் மின்விளையாட்டைத் தனியே பிரித்து மதிக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. மின்விளையாட்டில் பதிவுக் கட்டணம் இருக்கலாம், பரிசுத் தொகையும் இருக்கலாம் என்றே அது சொல்கிறது. ஆயின் அந்தப் பெயருக்கு உரியதாவதற்கு அங்கீகாரமும் பதிவும் வேண்டும். பந்தயம் எவ்வகையிலும் கலக்கலாகாது. நம் தெருவில் நான்கு நண்பர்கள் சேர்ந்து திறக்கும் அறைக்கு எந்த அங்கீகாரம் உண்டு?

பண விளையாட்டை நடத்துபவர்க்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். ஆடுபவர்க்குத் தண்டனை வைக்கவில்லை, நடத்துபவர்க்கே வைத்திருக்கிறது. முந்நூறு ரூபாய்க்காக இருபது வயதுப் பிள்ளை அந்த இடத்தில் போய் நிற்க வேண்டுமா? காவல்துறை இத்தனை சிறிய போட்டியைத் தேடிவராது என்று யாரேனும் ஆறுதல் கூறலாம். தோற்ற அணியில் ஒருவனின் தந்தை புகார் எழுதும் நாள்வரைதான் அந்த ஆறுதல்.

சட்டத்தை மட்டும் காட்டி அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. சட்டத்துக்கு முன்பே தமிழ்நாடு இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. பரிசுச்சீட்டு இங்கே எத்தனை குடும்பங்களின் அன்றாடக் கூலியை விழுங்கியது என்பதை நடுத்தர வயதைக் கடந்த எவரும் அறிவர். 2003 ஜனவரியில் அதற்குத் தடை வந்தது. பிறகு இணையச் சீட்டாட்டம் வந்தது. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நாளேடுகளில் அடுத்தடுத்து வெளிவந்த பின்னரே 2022இல் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் அவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றை மட்டும் அச்சட்டத்தின் தடையிலிருந்து உயர்நீதிமன்றம் அந்த நவம்பரில் விலக்கியது. திறமை என்னும் சொல் வீட்டில் கடன்காரன் வந்து நிற்பதைத் தடுத்ததா? திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரம் இருக்கிறது. தோல்வியைக் காட்டி எச்சரிப்பது எளிது. வள்ளுவரோ அங்கே வெற்றியையே ஐயுறுகிறார். முதல் வாரம் ஆயிரம் ரூபாய் வென்ற சிறுவனைப் பற்றித்தான் நாமும் கவலைப்படுகிறோம். தோற்றவனைக் காட்டிலும் அவனைப் பற்றி.

"ஒருவருக்கு 25 ரூபாய்தானே வருகிறது, இதில் என்ன சூது?" என்பாரும் உண்டு. தொகை சிறிதாயிருப்பதே இதன் கவர்ச்சி. பிள்ளை தன் கையில் பணம் இல்லாமலே, அம்மாவின் கைபேசியிலிருந்து இரண்டு தட்டில் அனுப்பிவிடலாம். அம்மா மாதக் கடைசியில்தான் பார்ப்பார், சில வேளை பார்க்கவே மாட்டார். இன்று 25, விட்டதைப் பிடிக்க நாளை 25, அணித்தலைவன் சொன்னதற்காக மறுநாள் 50. ஊர்க் கபடி ஆண்டுக்கு ஒருமுறை வரும். தனி அறையோ ஒவ்வோர் இரவும் திறக்கலாம். அதில் பழகிவிட்ட நடத்துநர் திறக்காமல் இருக்கவும் மாட்டார்.

மூன்றாவது மறுப்பில் மட்டும் உண்மையான இடர் ஒன்று இருக்கிறது. கட்டணம் இல்லாவிட்டால் அணிகள் விளையாட்டாகப் பெயர் கொடுத்துவிட்டு ஆட்ட நேரத்தில் வராமல் போகும் என்கிறார்கள். ஆம், போகும். பதினாறு அணி பதிவாகிப் பத்து அணி மட்டும் வந்து நின்றால் நடத்துபவரின் முகம் என்னாகும் என்பது நமக்கும் தெரியும். ஆயினும் இதற்கு மருந்து பணம் ஒன்றுதானா? பதினாறுக்கு மேல் நான்கைந்து அணிகளைக் காத்திருப்போர் பட்டியலில் வையுங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒவ்வோர் அணித்தலைவனும் "வந்துவிட்டோம்" என்று உறுதிசெய்ய வேண்டும். செய்யாத அணியின் இடம் காத்திருக்கும் அணிக்குப் போகும் என்று முன்னரே எழுதிவிடுங்கள். சொல்லாமல் வராத அணிக்கு அடுத்த போட்டியில் இடமில்லை என்று இன்னொரு வரி சேருங்கள். ஊருக்குள் மானம் என்று ஒன்று இருக்கிறது. 100 ரூபாயைக் காட்டிலும் அதற்கு வலிமை அதிகம்.

முதன்முறை நடத்துபவர்கள் உணராத இன்னொன்றும் உண்டு. பணம் உள்ளே வந்தவுடன் ஒவ்வொரு சிறு பிழையும் பெரும் வழக்காகிவிடுகிறது. இவ்வகைப் போட்டியிலோ பிழைக்கு இடம் ஏராளம். ரூம் ஐடி, பாஸ்வேர்டு என்று பிள்ளைகள் வழங்கும் அறையெண்ணும் கடவுச்சொல்லும் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னர்தான் அணித்தலைவர்களுக்குப் போகும். அதை ஒருவன் வெளியே கொடுத்துவிட்டால், ஆட்டத்துக்கு உரியவனல்லாத யாரோ உள்ளே வந்து ஓர் அணியின் இடத்தில் அமர்ந்துகொள்வான். அவரவர்க்குரிய இட எண்ணில் அமராவிட்டால் யாருடைய புள்ளி யாருக்கு என்பதே குழம்பிப்போகும். புள்ளிக்கணக்கும் எளிதன்று. முதலிடத்துக்கு 10, அடுத்த இடங்களுக்கு 6, 5, 4, 3, 2, 1, 1. அதற்குமேல் வீழ்த்திய ஒவ்வோர் எதிரிக்கும் ஒன்று. இதை ஆட்ட முடிவில் திரையைப் படமெடுத்துவைத்துக் கையால் கூட்ட வேண்டும். இரண்டு அணிகள் உள்ளுக்குள் பேசிவைத்து ஒன்றையொன்று சுடாமல் விட்டுவிடுவதும் உண்டு. ஏமாற்று மென்பொருள் கொண்டு சுவருக்குப் பின்னால் நிற்பவனைப் பார்ப்பவர்களும் உண்டு. கபடிக் களத்தில் கோட்டைத் தொட்டானா இல்லையா என்பதை இருநூறு கண்கள் பார்க்கின்றன. இங்கே ஒவ்வொருவனும் தன் அறைக்குள் தனியே இருக்கிறான். நடுவர் பார்வையாளராக உள்ளே நுழைந்தாலும் 64 பேரையும் ஒரே நேரத்தில் பார்த்துவிட முடியாது. ஐயம் எழுந்தால் திரைப்பதிவைத் தரவேண்டும் என்னும் விதி முன்கூட்டியே இருந்தால்தான் ஏதேனும் கேட்க முடியும்.

இணைப்பு அறுந்துபோவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இணையவழி ஒலிம்பியாடை முதன்முறையாக நடத்தியது. காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்து, அவர் ஆட்டம் தோல்வியாயிற்று. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளப்பட்டது. அந்நாடு தொடர்ந்து ஆட மறுத்து விலகியது. இரண்டு நாள் கழித்து இறுதிச் சுற்றில் ரஷ்யாவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த நம் நிகால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் அதே கதி நேர்ந்தது. அன்று உலகெங்கும் இணையத் தடங்கல் என்பதால், இந்தியாவின் முறையீட்டுக்குப் பின் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று கூட்டமைப்பின் தலைவர் அறிவித்தார். இரு நிகழ்வுகளின் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆர்மீனியர்க்கு இன்றும் அது உறுத்தாதா? உலகக் கூட்டமைப்பே இப்படித் திணறியது என்றால், மழைக்காலத்தில் கோபுரம் படுத்துவிடும் ஊர்களில் 1,600 ரூபாயை மடியில் வைத்துக்கொண்டு நம் பிள்ளை என்ன தீர்ப்புச் சொல்வான்? எத்தனை பேர் ஒரே நேரத்தில் அறுந்தால் மறு ஆட்டம், எத்தனை நிமிடத்துக்குள் நேர்ந்தால் மறு ஆட்டம், ஒருவன் மட்டும் அறுந்தால் எஞ்சிய மூவர் தொடர வேண்டுமா என்பதையெல்லாம் பதிவு தொடங்கும் முன்பே எழுதி வெளியிட்டாக வேண்டும். பணம் இல்லாத போட்டியில், எழுதிவைத்த விதி சண்டையை முளையிலேயே கிள்ளிவிடும். பணம் உள்ள போட்டியில் விதியையும் சேர்த்துச் சண்டையிடுவார்கள்.

சிறுவர்களின் நேரம் பற்றியும் ஒரு சொல். இந்த விளையாட்டு 2023இல் மீண்டும் வந்தபோது, 18 வயது நிறையாதவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம் என்னும் வரம்புடன் வந்தது. ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும்; இடையில் காத்திருப்பு வேறு. ஒரே இரவில் ஆறு ஆட்டம் என்று அட்டவணை போடுகிறவர்கள் பள்ளி மாணவரை அந்த வரம்பின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். வயதைப் பொய்யாகச் சொல்லத் தூண்டுவதும் அதுவே. விடுமுறை நாளின் பிற்பகலில் மூன்று ஆட்டம், மறுநாள் மூன்று ஆட்டம் என்று பிரித்தால் என்ன குறைந்துவிடும்? சிறுவரின் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவதை ஒரு சடங்காகக் கருதாமல், தொலைபேசியில் அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். பெண்பிள்ளைகள் பெயர் கொடுக்கத் தயங்குவது ஏன் என்பதும் நடத்துபவர்களின் கவலையாக வேண்டும். ஒலிவாங்கியில் ஓடும் வசைமொழிக்கு ஒரு முறை எச்சரிக்கை, மறுமுறை நீக்கம் என்று விதியில் எழுதி, முதல் ஆட்டத்திலேயே அதைச் செயலிலும் காட்டினால் அந்தத் தயக்கம் குறையும்.

இந்த விளையாட்டுகள் கபடியைப் போல ஊர்ச்சொத்தும் அல்ல. கபடிக்கு உரிமையாளர் இல்லை, இதற்கு உண்டு. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பியது. நடுவே 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டது. இவ்வாறு ஒரே இரவில் மறையக்கூடிய களத்தின்மீது பிறர் பணத்தை வாங்கி வைப்பது எத்தகைய துணிவு! வெளியார் போட்டி நடத்துவதற்கு உரிமையாளர் விதிக்கும் நிபந்தனைகளைத் தேடிப் படித்து, வேண்டிய இசைவைப் பெற்ற பின்னரே அறிவிப்பு வெளிவர வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு லிசெஸ் இருக்கிறது. ஆதாயம் நோக்காத அந்தச் சதுரங்கத் தளத்தில் யாரும் காசில்லாமல் போட்டி அமைக்கலாம். விலையுயர்ந்த கைபேசி வைத்திருப்பவனுக்கு அங்கே தனி நன்மையும் கிடையாது. துப்பாக்கி ஆட்டத்தில் உண்டு. திணறித் திணறி ஓடும் பழைய கைபேசிக்காரன் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே வீழ்ந்துவிடுகிறான். அவனிடமும் அதே கட்டணத்தைத்தானே வாங்குகிறார்கள்?

கட்டணத்தை விட்டுவிட்டால் பரிசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சில செயலிக்காரர்கள் தாமாகவே தேடிவந்து, "ஐயாயிரம் தருகிறோம், எங்கள் பெயரை மட்டும் படத்தில் போடுங்கள்" என்பார்கள். அது எந்தச் செயலி என்று இரண்டு முறை விசாரியுங்கள். பண விளையாட்டுக்கு விளம்பரம் செய்பவர்க்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 இலட்சம் வரை அபராதமும் அதே 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கின்றன.

பரிசு வேறிடத்திலிருந்து வர வேண்டும். இங்கே நம் பேச்சு பெரியவர்களிடம். கபடித் துண்டறிக்கையில் பெயர் அச்சாகும் அரிசிக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கைபேசிப் போட்டி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் பிள்ளைகள் ஒருவர் பையில் ஒருவர் கைவிடுகிறார்கள் என்று சொன்னால் அது மிகையன்று. நான்கு விளையாட்டுக் காலணிகளோ ஒரு கோப்பையோ கொடுக்க 2,000 ரூபாய் போதும். கொடுப்பவர் இரண்டே நிபந்தனை வைக்கலாம்: விதித்தாளை அச்சடித்து முன்னதாகவே தம் கையில் தர வேண்டும், ஆட்டம் நடக்கும்போது நடுவரின் பக்கத்தில் தமக்கு ஒரு நாற்காலி போட வேண்டும்.